அழைப்பது ஆடவா, பேசவா?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவள். புதுச்சேரியில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கலைஞர்கள், நூலகர்கள், ஆவணக் காப்பகப் பணியாளர்கள், அவர்களோடு திருநர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்காக எங்கள் துறை மாணவர் மன்றம் ஒருநாள் நிகழ்ச்சி நடத்த விரும்புகிறது. ஆகஸ்ட் 12, நூலகர் நாளன்று நடத்தச் சொல்லி, 15,000 ரூபாய் தருவதாகத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால், “சாதிப் பேச்சு வேண்டாம், கலாசார விழா என்று பெயர் வையுங்கள்” என்கிறார் ஒரு பேராசிரியர். எங்களில் பெரும்பாலோர் அந்தச் சமூகங்களைச் சேராதவர்கள் என்பதால், இதை நடத்த நாம் யார் என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கூத்து வாத்தியாரை அழைக்கப் போனபோது அவர், “என்னத்துக்கும்மா கூப்பிடுறீங்க, ஆடவா, பேசவா?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வாத்தியார் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள மற்றச் சிக்கல்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரி விழாக்களில் பறை, கூத்து, கரகக் கலைஞர்களுக்கென்று வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் வாசல்தான். சிறப்பு விருந்தினரின் கார் வந்து நிற்கும்போது பறை முழங்க வேண்டும். அவர் அரங்கத்துக்குள் நுழைந்து குத்துவிளக்கு ஏற்றியதும் அடித்தவர்கள் மரத்தடிக்குப் போய்க் கருவிகளை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே நாட்டார் கலைகளின் இன்றைய நிலையைப் பற்றி ஒருவர் உரையாற்றிக்கொண்டிருப்பார். அந்த உரையைச் சரிபார்க்கத் தகுதியுள்ளவர்கள் வெளியே மரத்தடியில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு வகை அழைப்பும் இருக்கிறது. அது நல்லெண்ணத்தோடு மேடைக்கே வரச்சொல்லும் அழைப்பு. பார்வையற்ற நூலகரை அழைத்து, கண் தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பது. திருநங்கை ஒருவரை அழைத்து, வீட்டை விட்டு வெளியேறிய நாளைச் சொல்லச் சொல்வது. ஒப்பந்த ஊழியராக ஆவணங்களை ஸ்கேன் செய்யும் தலித் இளைஞரை அழைத்து, பட்ட அவமானங்களை அடுக்கச் சொல்வது. கேட்பவர்கள் கண்கலங்குவார்கள், கைதட்டுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். அந்த நூலகர் ஆண்டுக்கணக்காகச் செய்துவரும் நூற்பட்டியல் வேலையைப் பற்றியோ, பழைய காகிதம் நொறுங்காமல் பக்கம் புரட்டும் கலையை அந்த இளைஞர் எப்படிக் கற்றார் என்பதைப் பற்றியோ ஒரு கேள்வியும் எழாது. இது வாசலில் நிறுத்துவதைவிடச் சில நேரங்களில் மோசம் என்றே நான் நினைக்கிறேன். வாசலில் நிற்பவரின் தொழில் திறமையையாவது நாம் காதால் கேட்கிறோம்.

ஆகவே வாத்தியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய பதில், “சொல்லிக்கொடுக்க வாருங்கள் ஐயா” என்பதே. அழைக்கப்படும் ஒவ்வொருவரையும் அவரவர் தொழிலில் வல்லவராக, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கற்பிக்கும் ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேச விரும்பினால் அவர்களே பேசுவார்கள்; அதைக் கேட்டுப் பெற வேண்டிய வேலை உங்களுடையதன்று.

கூத்து வாத்தியார் நூலக அறிவியல் மாணவர்களுக்கு என்ன கற்பிக்க முடியும் என்று உங்கள் துறையில் கேட்பார்கள். ஒவ்வொரு ஜமாவிலும், அதாவது கூத்துக் குழுவிலும், வாத்தியாரிடம் கூத்து நோட்டுகள் இருக்கும். கோடு போட்ட பள்ளி நோட்டிலோ பழைய கணக்குப் புத்தகத்திலோ விருத்தமும் தருவும் வசனமும் கையால் எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் எந்த வேஷம் எப்போது நுழைகிறது என்ற குறிப்பு இருக்கும். அடித்து எழுதியது, பக்கத்து ஊர் வாத்தியாரிடமிருந்து வாங்கிச் சேர்த்தது, ஓர் ஊரில் சொல்லக் கூடாது என்பதால் விட்டுவிட்டது என அந்த நோட்டே ஒரு பதிப்பு வரலாறு. விடிய விடிய நடக்கும் பதினெட்டாம் போர் கூத்தில் எந்த இடத்தைச் சுருக்கலாம், எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பது நோட்டில் இருக்காது, வாத்தியாரின் தலையில் இருக்கும். எழுத்தில் இருப்பதையும் நினைவில் இருப்பதையும் சேர்த்து நிர்வகித்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் ஒருவரைத் தகவல் துறை வல்லுநர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரகிழக்கு ஆய்வுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அது மகிழ வேண்டிய செய்திதான். அதே வட்டாரத்தில் கூத்து நோட்டுகள் தகரப் பெட்டிக்குள் கரையானோடு போராடுகின்றன. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்த ஊர்கள் இவை; கூரை போன வீட்டில் நோட்டு என்ன ஆகியிருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அந்த ஒரு மணி நேர வகுப்பு உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பாதுகாப்பு முறைகள் பற்றிய தாளுக்கு நேரடியாக உதவும்.

நோட்டைக் கண்டதும் ஸ்கேன் செய்யத் துடிப்பது நம் தொழிலில் உள்ளவர்களின் இயல்பு. அதற்கு முன் ஒரு பக்கத்தில், எளிய தமிழில், ஒப்புதல் தாள் ஒன்றைத் தயார் செய்யுங்கள். மூல நோட்டு அவரிடமே இருக்கும், படப்பிரதி ஒன்று அவருக்கும் கிடைக்கும், யார் பார்க்கலாம் என்பதை அவர் முடிவு செய்வார், பின்னாளில் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் ஆகிய நான்கும் அதில் தெளிவாக இருக்கட்டும். படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒளிப்பதிவுக்கும் இது பொருந்தும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை வழங்குகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடப்பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. “கிராமியக் கலைஞர்கள் நிகழ்ச்சி” என்று தலைப்பிட்டு யூடியூபில் ஏற்றிவிடும் நம் வழக்கம் மரியாதைக் குறைவு மட்டுமன்று, சட்டத்துக்கும் உகந்ததன்று.

அடுத்துப் பேராசிரியரின் கவலை. அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அனுமதி வாங்கிய பிறகு யாராவது புகார் எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் கலாசார விழா என்ற பெயருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயர் வைத்தால் நிகழ்ச்சி தானாகவே வாசலுக்குப் போய்விடும். இதற்கு என் யோசனை, நிகழ்ச்சியை உங்கள் தொழிலின் நடுவே கொண்டுவந்து வைப்பதுதான். காலை அமர்வுக்கு “நம் நூற்பட்டியலில் யார் எங்கே இருக்கிறார்கள்?” என்று தலைப்பிடுங்கள். நூலக அறிவியல் துறையில் நூற்பட்டியலைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சில் சாதி வராமலும் இருக்காது.

அந்த அமர்வை இப்படி நடத்தலாம். ஒரு வாரம் முன்னதாக நான்கைந்து மாணவர்கள் உங்கள் நூலகத்தின் கணினிப் பட்டியலில் பறை, கூத்து, ஒப்பாரி, திருநங்கை, தலித் இலக்கியம் ஆகிய சொற்களை இட்டுத் தேடி, கிடைக்கும் பதிவுகளை அச்செடுத்துக்கொள்ளட்டும். பிறகு அலமாரிக்குப் போய், அந்த நூல்கள் எந்த எண்ணில் நிற்கின்றன என்று பார்க்கட்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் நாடக அரங்குக்கு 792 என்ற எண் இருக்கிறது; நாட்டார் வழக்காறுகளுக்கு 398 இருக்கிறது. கூத்தைப் பற்றிய நூல் 792இல் ஷேக்ஸ்பியர் அரங்க நூல்களுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, 398இல் பழமொழி, விடுகதைத் தொகுப்புகளுக்கு நடுவே நிற்கிறதா? பரதநாட்டிய நூல் எங்கே நிற்கிறது? ஒரே எண்ணுக்குரிய இரண்டு நூல்கள் வெவ்வேறு அலமாரிகளில் இருந்தால், அப்படிப் பிரித்தவர் எந்த அடிப்படையில் பிரித்தார்? இலக்கியப் பிரிவில் வைக்க வேண்டிய தலித் சிறுகதைத் தொகுப்பு, சமூகக் குழுக்களுக்குரிய 305இல் போய் உட்கார்ந்திருக்கிறதா? அச்செடுத்த பதிவுகளைத் திரையில் காட்டிவிட்டு, கூத்து வாத்தியாரிடமும், பறை ஆசிரியரிடமும், தலித் எழுத்தைத் தொடர்ந்து படித்துவரும் ஊர்ப்புற நூலகர் ஒருவரிடமும், இந்த நூலை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களைப் பதிவு செய்து, பட்டியல் பிரிவுப் பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். ஒரு நூலின் எண்ணோ பொருள் தலைப்போ மாறினால்கூட உங்கள் நிகழ்ச்சி அரங்கத்தோடு முடிந்துபோகவில்லை என்று பொருள்.

மாணவர்கள் சொல்லி இதெல்லாம் நடக்குமா என்று தோன்றலாம். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் சிலர் 2014இல், குடியேறிய மக்களை ‘சட்டவிரோத அந்நியர்’ என்று குறிக்கும் பொருள் தலைப்பு நூலகப் பட்டியலில் இருப்பதைக் கண்டு, அதை மாற்ற வேண்டும் என்று தங்கள் நூலகர்களிடம் போய் நின்றார்கள். அது அந்த நூலகத்தின் தனித் தலைப்பன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் வகுத்தது, உலகமெங்கும் பின்பற்றப்படுவது. நூலகர்கள் மாணவர்களோடு சேர்ந்து காங்கிரஸ் நூலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். 2016இல் அந்நூலகம் மாற்ற ஒப்புக்கொண்டது. நாடாளுமன்ற அரசியல் குறுக்கே வந்தது. கடைசியில் 2021 நவம்பரில்தான் தலைப்பு மாறியது. தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் நிகழ்ச்சிக்கும் இப்படி ஒரு தொடர்ச்சி வேண்டுமானால், கொடுத்த விண்ணப்பத்தின் நகலை மன்றத்தின் கோப்பில் வைத்து, அடுத்த ஆண்டுச் செயலரிடம் ஒப்படையுங்கள். நம் மாணவர் மன்றங்களில் கோப்பு என்ற ஒன்றே இருப்பதில்லை என்பதை நானும் அறிவேன். நூலக அறிவியல் மாணவர்களாவது அந்தக் குறையைத் தீர்க்கலாம்.

பிற்பகலைப் பார்வையற்ற நூலகர் ஒருவர் நடத்தும் பட்டறைக்குக் கொடுங்கள். பார்வையின்மை பற்றிய உரை வேண்டாம். ஒரு கோப்பை எல்லோரும் படிக்கும்படி ஆக்குவது எப்படி என்பதை அவர் செய்து காட்டட்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகும் அழைப்பிதழையே எடுத்துக்கொள்ளலாம். அழகாக வடிவமைத்துப் படமாக அனுப்பினால், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அதை ‘படம்’ என்று சொல்லிவிட்டு மேலே போய்விடும். நாள், நேரம், இடம் எதையும் வாசிக்காது. அதே செய்தியை யூனிகோடு எழுத்தில் படத்தின் கீழே தட்டச்சு செய்து அனுப்பினால் என்விடிஏ போன்ற இலவச மென்பொருள்கூட முழுவதும் வாசித்துவிடும். ஸ்கேன் செய்த பாட நூல் பிடிஎஃப்களுக்கும், யூனிகோடு அல்லாத, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகளுக்கும் இதே கதிதான். அவற்றை மாற்றிக் கொடுப்பதில் சட்டத் தடையும் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, லாப நோக்கமின்றி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலைப் படியெடுப்பது பதிப்புரிமை மீறலாகாது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014இல், ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அந்தப் பிற்பகலிலேயே உங்கள் துறையின் ஒரு பாட நூலில் ஓர் அத்தியாயத்தையாவது மாணவர்கள் மாற்றி முடிக்கட்டும்.

அரங்கத்தைப் பற்றி ஒரு சொல். சக்கர நாற்காலிச் சரிவுப் பாதையின் சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று இருக்க வேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். தச்சரிடம் வாடகைக்குப் பலகை வாங்கிப் போடுவதானாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். மேடைக்கும் சரிவுப் பாதை வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். பார்வையாளர் பகுதிக்கு மட்டும் போட்டுவிட்டு, பேச வந்தவரை நான்கு பேர் தூக்கி ஏற்றும் கொடுமை நடக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கையில் இருந்தால் நிர்வாகத்திடம் கேட்பது எளிது.

உங்கள் தோழியின் கேள்வி நேர்மையானது. அதற்கு உரைகளால் பதில் சொல்வதைவிடக் குழுவின் அமைப்பால் பதில் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யும் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள், யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்களாக இருக்கட்டும். அந்தச் சமூகங்களைச் சேராத நீங்கள் கணக்கு எழுதுங்கள், நாற்காலி போடுங்கள், கடிதம் கொண்டுபோங்கள். வெளியிலிருந்து குழுவுக்கு வருபவர்களின் பேருந்துக் கட்டணத்தையும் அரைநாள் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பிலேயே அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலர் அதை வெளியே சொல்ல விரும்பமாட்டார்கள். ஆகவே நீ வா, உனக்குத்தான் இது என்று யாரையும் தனியாகக் கூப்பிடாதீர்கள்; அறிவிப்புப் பலகையில் பொதுவாக அறிவியுங்கள், வருபவர்கள் வரட்டும். பதிவுப் படிவத்தில் சாதி, பாலினம் பற்றிய கட்டங்களே வேண்டாம். பேச வருபவரைச் சுவரொட்டியில் ‘தலித் நூலகர்’ என்றோ ‘திருநங்கைக் கலைஞர்’ என்றோ குறிப்பிடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். சிலருக்கு அது பெருமை. வேறு சிலருக்கு, அவரைத் தற்காலிக வேலையில் வைத்திருக்கும் அலுவலகம் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் சிக்கல். எது என்று உங்களால் ஊகிக்க முடியாது.

தேதியை மாற்றுவது நல்லது. ஆகஸ்ட் 12 ஆடிக் கடைசியில் வருகிறது. திரௌபதியம்மன், மாரியம்மன் கோயில் திருவிழாக்களால் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜமாக்களுக்கும் பறைக் குழுக்களுக்கும் ஆண்டின் வருமானம் பெரும்பாலும் ஆடி முடிவதற்குள் வந்தாக வேண்டும். அந்த வாரத்தில் ஓர் இரவுக் கூத்தை விட்டுவிட்டு வரச்சொல்வது நியாயமன்று. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 15 சுதந்திர நாளும் அரவிந்தர் பிறந்த நாளும், 16 புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாளுமாக ஊரில் அறை கிடைக்காது, அதிகாரிகளும் கிடைக்கமாட்டார்கள். ஐப்பசி பிறந்தால் மழை. ஆகவே செப்டம்பரில் வையுங்கள். நூலகர் நாளை விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால், அன்று நூற்பட்டியல் தேடலைத் தொடங்கிவிட்டு, நிகழ்ச்சியைச் செப்டம்பரில் நடத்தலாம். அந்த நாள் யார் நினைவாகக் கொண்டாடப்படுகிறதோ, அந்த நூலக அறிவியல் முன்னோடி அரங்கநாதனாரின் நினைவுக்கும் அது ஏற்றதே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று 1931இல் விதி எழுதிய சீர்காழிக்காரர் அவர்.

பணம் பதினைந்தாயிரம்தான் என்றால் அழைப்பவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்; ஒருவருக்குக் கொடுக்கும் தொகையைக் குறைக்காதீர்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஃபிளெக்ஸ் பேனர் மூன்றையும் நிறுத்தினாலே ஒருவரின் ஊதியம் வந்துவிடும். பேராசிரியர் ஒருவர் உரையாற்ற வந்தால் அவருக்கும் கூத்து வாத்தியாருக்கும் ஒரே தொகை. முழு ஜமாவையும் அழைக்க இந்தப் பணம் போதாது. வாத்தியாரையும், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் இருவரையும் மட்டும் அழைத்து, நோட்டிலிருந்து ஒரு பகுதியைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆடவா’ என்ற கேள்விக்கும் அதில் இடம் உண்டு. சொல்லிக்கொடுக்கும்போது ஆடிக் காட்ட வேண்டிய இடம் வந்தால் அவர் ஆடுவார். கல்லூரிக் கணக்கில் காசோலை வர வாரங்கள் ஆகுமென்றால் மன்றத்தின் சார்பில் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கே ரசீது பெற்றுக் கையில் கொடுத்துவிடுங்கள். மாலையில் பண்ருட்டிக்கோ விருத்தாசலத்துக்கோ பேருந்து ஏறுபவரிடம் வங்கிக் கணக்கு நகலும் பான் அட்டை நகலும் கேட்டு நிற்க வைக்காதீர்கள்; அவற்றை அழைக்கும்போதே வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, வளாக வாயிலில் உள்ள காவலரிடமும் வரவேற்பு மேசையில் இருக்கும் மாணவர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி அடையாள அட்டை காட்டச் சொல்லும் வழக்கம் இருந்தால், திருநர்களில் சிலரின் அட்டையில் பழைய பெயரும் பழைய படமும்தான் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் ஒருவரின் பாலின அடையாளத்தை அவரே தீர்மானிக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அட்டை மாற்ற அலைவதற்கு எல்லோருக்கும் நேரமும் பணமும் இருப்பதில்லை. அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை, அவர்கள் சொன்ன பெயரிலேயே, உங்கள் துறைத் தலைவரின் கையெழுத்தோடு வாயிலில் கொடுத்து வையுங்கள். சான்றிதழிலும் பெயர்ப்பலகையிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை இல்லாமல் அச்சாகிறதா என்று அச்சகத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.